உப்புத் தண்ணிக்கு ஏஜென்ட் கிடையாது!

ஏற்காடு பக்கம் மஞ்சக்குட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கொஞ்சம் காபிச் செடி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, ஓட்டு வீடு. 2023 மே மாதம் சேலத்து வெயிலுக்குப் பயந்து அவர் வீட்டுக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பன்னிரண்டாவது தாண்டும்போதே என் வயிறு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டது.

''கடையில சோடா உப்பு பாக்கெட் இருக்கும். ஒண்ணு வாங்கிக் கலக்கிக் குடிங்க சார். ஜம்முனு ஒரு ஏப்பம் வரும், எல்லாம் சரியாப் போயிரும்'' என்றார் நண்பர்.

போனேன். சின்னப் பெட்டிக்கடை. தோரணமாகத் தொங்கிய பாக்கெட்களை எண்ணிப் பார்த்தேன். நுரைக்கும் உப்பு, பெருங்காய மாத்திரை, புளிப்பு மிட்டாய் மாதிரி ஒரு ஜீரண உருண்டை, மூலிகைச் சூரணம், மலச்சிக்கல் பொடி, ஓம வாட்டர், கிரைப் வாட்டர்... வயிற்றுக்கு மட்டும் பதினோரு அயிட்டம்! அரிசி ஒரே ரகம்தான் இருந்தது. உள்ளே போவதைவிட, போனதைச் சமாளிக்கத்தான் சரக்கு அதிகம்.

அப்போதுதான் ஓர் ஆயா, இடுப்பில் ஒன்றரை வயதுப் பேரனோடு வந்தார். குழந்தை துவண்டு போய்த் தோளில் கிடந்தது.

''கண்ணு, அந்தக் கிரைப் வாட்டர் ஒண்ணு குடு. புள்ளைக்கு விடியக்காலையிலருந்து தண்ணியாப் போவுது.''

கடைக்காரர் பாட்டிலை எடுத்தார். கூடவே, ''இதையும் குடுங்க ஆயா, டாக்டர்லாம் இதத்தான் சொல்றாங்க'' என்று பழரசம் மாதிரி ஓர் அட்டை டப்பாவையும் நீட்டினார். அதன் மேல் 'ஓ.ஆர்.எஸ்' என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தும் ஒரு பிராண்டின் பெயருக்குள் பெரிசாக உட்கார்ந்திருந்தன.

எனக்கு ஏதோ உறுத்தியது. ''தண்ணி குடுத்தீங்களாம்மா?'' என்று கேட்டேன்.

''தண்ணி குடுத்தா இன்னும் போவுமில்லீங்க? காலையிலருந்து ஒரு சொட்டு குடுக்கல'' என்றார், ஏதோ நல்ல காரியம் செய்தவர் மாதிரி. அவர்மேல் தப்பில்லை. அவருக்கு அவர் ஆயா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்.

நண்பரின் ஜீப்பில் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு நர்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஆயா கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, ''வாந்தி எடுத்தாலும் பரவால்ல, பத்து நிமிஷம் விட்டுட்டுத் திரும்பக் குடுங்க'' என்றார். அவ்வளவுதான் வைத்தியம். இரண்டு மணி நேரம் கழித்துக் குழந்தை வீறிட்டு அழுதது. நர்ஸ் சிரித்தார்.

''கண்ணுல தண்ணி வந்துருச்சு பாருங்க ஆயா. இனிமே பயமில்ல.''

கடையில் தொங்கிய பதினோரு அயிட்டத்தில் ஒன்றுகூட அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டதைத் தரவில்லை. தேவைப்பட்டது என்ன? தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை. இவை கடையிலேயே வேறு மூலையில் சும்மா இருந்தன. எந்தப் பாட்டிலும் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இந்த வாரக் கோபம் இதுதான்.

* * *

வயிற்று வலியை வைத்துப் பணம் பண்ணுவது இன்று நேற்று வந்த தொழில் இல்லை.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். காபியோடு எஸ்டேட்களும், எஸ்டேட்களோடு வெள்ளைக்காரர்களின் பங்களாக்களும் வந்தன. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குப் புலியைவிடப் பேதிதான் பெரிய பயம். பேதிக்குப் பின்னால் காலராவும் நிற்குமே!

அந்தப் பயத்துக்கு 1848-ல் ஒரு மருந்து பிறந்தது. இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவ டாக்டராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் தயாரித்த குளோரோடைன். இங்கிலாந்து திரும்பியவர், 1856-ல் டேவன்போர்ட் என்ற லண்டன் மருந்து வியாபாரியோடு சேர்ந்து அதை விற்க ஆரம்பித்தார். வெள்ளைக்காரர் வீட்டு மருந்துப் பெட்டிகளில் நிரந்தரமாக இடம்பிடித்த பாட்டில் அது. காலரா, பேதி, வயிற்றுவலி, இருமல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில்.

உள்ளே என்ன? முக்கியமாக மூன்று. அபினிச் சத்து, கஞ்சாச் சத்து, ஆளை மயக்கும் குளோரோஃபார்ம்.

பேதி நின்றதா? நின்றது! அபினி குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும். வலியும் தெரியாது, கவலையும் தெரியாது. ஆனால், காலராக்காரன் சாவது பேதியால் இல்லை. பேதியோடு போகிற தண்ணீராலும் உப்பாலும். அதைத் திருப்பிக் கொடுக்காமல் அபினியைக் கொடுத்தால் நோயாளி நிம்மதியாகச் சாவான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் வயிறு எரிகிற ஒரு சங்கதி இருக்கிறது.

குளோரோடைன் பிறப்பதற்குப் பதினாறு, பதினேழு வருடம் முன்பே காலராவின் ரகசியம் தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தவர் ஓஷானஸி என்ற ஐரிஷ் டாக்டர். 1831-ல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, இருபத்திரண்டு வயதில், நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, 'இதில் தண்ணீரும் உப்பும் குறைந்துபோயிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுங்கள்' என்று எழுதினார். அடுத்த வருடமே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் ரத்தக்குழாய் வழியாக உப்பு நீர் ஏற்றி, சாகக் கிடந்த சிலரைப் பிழைக்கவைத்தார். இன்று நாம் 'ட்ரிப்ஸ்' என்று சொல்வதன் பாட்டன் அதுதான்.

அதே ஓஷானஸி 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராகக் கல்கத்தா வந்தார். (இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்த புண்ணியவானும் அவரே.) இங்கே கஞ்சாவின் மருத்துவ குணங்களை ஆராய்ந்து 1839-ல் எழுதினார். மேற்கத்திய மருத்துவத்துக்குள் கஞ்சா வந்தது அவர் வழியாகத்தான்.

ஆக, ஒரே மனிதர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, உப்புத் தண்ணி. இன்னொன்று, கஞ்சா. வியாபாரிகள் எதை எடுத்துப் பாட்டிலில் அடைத்தார்கள் தெரியுமில்லையா?

உப்புத் தண்ணியை யாரும் பிராண்டு போட்டு விற்க முடியாது. அதற்கு ஏஜென்ட் கிடையாது, கமிஷன் கிடையாது, விளம்பரம் கிடையாது. அதனால் அது சுமார் நூற்று நாற்பது வருடம் காத்திருந்தது. 1971-ல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்குள் வந்தபோது, பொங்காவ்(ன்) முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலானபீஸ் டிரம்களில் உப்பும் குளுக்கோஸும் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரில் மொண்டு கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் அதற்குக் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. 2022-ல் காலமானார். உங்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? டி.வி-யில் வருகிற ஜீரண மாத்திரை விளம்பர மாடலின் முகம் எத்தனை பேருக்குத் தெரியும்?

* * *

'பேட்டன்ட் மருந்து' என்ற பெயரே ஒரு பித்தலாட்டம். பேட்டன்ட் வாங்க வேண்டுமென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். இவர்கள் பெரும்பாலும் பேட்டன்ட் பக்கமே போகவில்லை. ஃபார்முலாவை ரகசியமாக வைத்து, பெயரை மட்டும் ரிஜிஸ்டர் செய்துகொண்டார்கள்.

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்துக்கு ஒரு கட்டத்தில் பொறுமை போய்விட்டது. பிரபலமான பாட்டில்களை எல்லாம் வாங்கிப் பரிசோதனை செய்து, 1909-ல் புத்தகமாகவே போட்டது. 'ஒரு டப்பா ஒரு கினி பெறும்' என்று உலகமெங்கும் விளம்பரம் செய்யப்பட்ட பீச்சம் மாத்திரையில் இருந்தது என்ன? மூசாம்பரம், இஞ்சி, சோப்பு! ஐம்பத்தாறு மாத்திரைக்கு ஆன சரக்குச் செலவு அரை ஃபார்திங். அதாவது, ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு.

அப்புறம் பார்லிமென்ட் கமிட்டி உட்கார்ந்தது. இரண்டு வருடம் விசாரித்து, 1914 ஆகஸ்ட் 4-ம் தேதி அறிக்கை கொடுத்தது. அன்றுதான் பிரிட்டன் முதல் உலகப்போரில் குதித்தது. அறிக்கையை யார் படிப்பார்கள்? உள்ளே இருப்பதை வெளியே எழுத வேண்டும் என்று சட்டம் வர 1941 ஆகிவிட்டது.

பத்திரிகைகள் என்ன செய்தன என்று கேட்பீர்கள். விளம்பரம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தன. அங்கே மட்டுமா? நம்மூர்ப் பழைய வார இதழ்களைப் புரட்டுங்கள். தொடர்கதைக்கு இந்தப் பக்கம் லேகியம், அந்தப் பக்கம் சஞ்சீவி. எழுத்தாளர்களின் வயிற்றுப் பிழைப்பு வாசகர்களின் வயிற்றுக் கோளாறை நம்பி நடந்திருக்கிறது. நானும் அந்த வம்சம்தான். யோக்கியன் வேஷம் போடவில்லை.

''அட போங்க சார். அந்தக் காலத்துல இதைக் குடிச்சுத்தானே நாங்கள்லாம் வளர்ந்தோம்?'' என்று ஒருவர் கடிதம் எழுதப் பேனாவை எடுப்பது எனக்குத் தெரிகிறது.

கிரைப் வாட்டர் விஷயத்தில் எல்லோரும் சொல்வது இது. 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் வுட்வர்ட் தயாரித்தது. சதுப்பு நிலப் பகுதிக் குழந்தைகளுக்கு வந்த காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தைப் பார்த்து உருவாக்கினார். சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய், சர்க்கரை, தண்ணீர், கூடவே 3.6 சதவீதம் ஆல்கஹால். பீருக்குப் பக்கத்தில் வருகிறது! தொட்டில் குழந்தை சமர்த்தாகத் தூங்கியதன் மர்மம் புரிகிறதா? பிரிட்டனில் 1992-ல்தான் ஆல்கஹாலை எடுத்தார்கள். இப்போது வருவது ஆல்கஹால் இல்லாதது. சரி, ஆல்கஹாலை எடுத்த பிறகு அது குழந்தையின் வயிற்று வலியைத் தீர்க்கிறது என்பதற்கு உருப்படியான ஆதாரம் இருக்கிறதா? இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள்.

'குடித்து வளர்ந்தோம்' என்பவர்களுக்கு என் பதில்: நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், கடிதம் எழுதுகிறீர்கள். வளராமல் போனவர்கள் எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதுவதில்லை. உங்கள் பாட்டி பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

* * *

சேலம் ஜில்லாவுக்கு இன்னொரு சரித்திரப் பெருமை உண்டு. 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவியதும் பலருக்குத் திடீரென்று அஜீரணம் வந்துவிட்டது! வயிற்றுக்கு என்று வந்த டிங்சர் ஜிஞ்சரையும் அரிஷ்டத்தையும் அவுன்ஸ் கணக்கை மறந்து குடித்தவர்கள் எத்தனையோ பேர். ஆல்கஹாலில் ஊறிய இஞ்சிதானே அது!

நமக்கு முன்னால் அமெரிக்காவில் இதே கூத்து சோகமாக முடிந்தது. அங்கே மதுவிலக்குக் காலத்தில் ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற வயிற்று மருந்தை ஏழைகள் சாராயமாகக் குடித்தார்கள். 1930-ல் சோதனையில் மாட்டாமலிருக்க பாஸ்டன்காரர்கள் இருவர் அதில் ஒரு பிளாஸ்டிக் ரசாயனத்தைக் கலந்தார்கள். பல்லாயிரம் பேருக்குக் கால் விளங்காமல் போனது. பாட்டிலில் 'இஞ்சி' என்றுதான் எழுதியிருந்தது. முன்பக்கத்தை மட்டும் நம்பினால் இதுதான் கதி.

நமக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1930-ல் கர்னல் சோப்ரா தலைமையில் கமிட்டி, 1940-ல் மருந்துச் சட்டம், 1954-ல் மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க ஒரு சட்டம். அந்த 1954 சட்டத்தின் பட்டியலில், இன்ன நோய் தீரும் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. குடல் புண், அதாவது அல்சர், அதில் உண்டு. ஆனால் கேஸ், அஜீரணம், ஏப்பம், மந்தம்? கிடையாது. புரிகிறதா? 'அல்சர் குணமாகும்' என்றால் போலீஸ் வரலாம். 'வயிற்று எரிச்சலா? ஒரு பாக்கெட் போதும்' என்றால் சினிமா நடிகர் வருவார்! மாதக்கணக்காக அல்சரோடு இருப்பவர் தனக்கு இருப்பது 'கேஸ்'தான் என்று நம்பி, பாக்கெட் பாக்கெட்டாகக் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பார். எரிச்சலை அடக்கியதால், நோயைச் சொல்ல வந்த மணி அடிக்காமல் போகிறது.

இனி அந்த அட்டை டப்பா. ஓ.ஆர்.எஸ். என்றால் அதற்கு உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. இந்தக் கணக்கு பிசகினால் காரியம் கெடும். சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்து, பேதியைக் கூட்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு, தித்திக்கத் தித்திக்கப் பழச்சுவை பானம் செய்து, பிராண்டு பெயருக்குள் அந்த மூன்று எழுத்தை நுழைத்து விற்றார்கள். 'இது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா அல்ல' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அனுமதித்தது!

ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து சுமார் எட்டு வருடம் போராடினார், கோர்ட்டுக்கும் போனார். 2025 அக்டோபரில்தான் அந்த அனுமதி ரத்தானது. மஞ்சக்குட்டை ஆயா அந்த டப்பாவுக்குக் கை நீட்டியது 2023-ல். நடுவில் எத்தனை ஆயாக்களோ!

* * *

'எல்லாம் பாட்டி வைத்தியத்தை விட்டதால் வந்த வினை' என்று ஒரு கோஷ்டி இப்போது கைதட்டும். கொஞ்சம் பொறுங்கள். பாட்டி சொன்னதில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி பிரமாதமான விஷயம். அரிசிக் கஞ்சியும் உப்பும் பேதிக்கு நல்ல மாற்று என்று ஆராய்ச்சிகள் ஒப்புக்கொண்டுவிட்டன. ஆனால், 'தண்ணி குடுக்காதே' என்று சொன்னதும் பாட்டிதான். தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனதும் பாட்டிதான். நாக்கில் தடவிய வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அதற்காகவே 1968-ல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. பழசு என்பதற்காகவும் நம்பாதீர்கள். பாட்டில் அழகாக இருக்கிறது என்பதற்காகவும் நம்பாதீர்கள்.

பின் எதை நம்புவது? பாட்டிலின் பின்பக்கத்தை. பொடி எழுத்தில் உள்ளே என்ன, எவ்வளவு என்று போட்டிருக்கும் இடத்தை. நூறு வருடச் சண்டை போட்டு வாங்கிய உரிமை அது.

ஆனால், அந்தப் பின்பக்கம் எந்த பாஷையில் இருக்கிறது? உணவு லேபிள் விதிப்படி விவரங்கள் இங்கிலீஷில் இருக்க வேண்டும், அல்லது தேவநாகரி இந்தியில் இருக்க வேண்டும். தமிழ்? இஷ்டப்பட்டால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். விளம்பரம் மட்டும் அச்சு அசல் தமிழில், அம்மா பாசத்தோடு, பாட்டு மெட்டோடு வரும். விற்கும்போது தமிழ், விவரம் சொல்லும்போது இங்கிலீஷா? ஆயாவுக்குப் புரியாத பாஷையில் எழுதிய உண்மையும், எழுதாமல் மறைத்த ரகசியமும் ஒன்றுதான். குளோரோடைன் காலத்திலிருந்து நாம் ஓர் அங்குலமும் நகரவில்லை என்று அர்த்தம்.

மொழிக்காக இத்தனை போராட்டம் பார்த்த மாநிலம் இது. கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் வேண்டும் என்று கேட்ட நாம், குழந்தையின் வாயில் ஊற்றுகிற பாட்டிலில் தமிழ் வேண்டும் என்று கேட்டோமா? தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு வயிற்று மருந்திலும், உள்ளே இருப்பது என்ன, யாருக்குக் கொடுக்கக் கூடாது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்ற மூன்று விஷயமும் பெரிய தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். விதியை எழுதுவது டெல்லி என்றால், டெல்லியிடம் கேட்க நாம் அனுப்பியவர்கள் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

அதுவரைக்கும் இதை வெட்டி அடுப்படியில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே முதல். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர், டீ ஸ்பூனால் தலை தட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, ரத்தமாகப் போனாலோ ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போன மாதம் மறுபடி மஞ்சக்குட்டை போயிருந்தேன். அதே கடை, அதே தோரணம். ''ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஏன் வைக்கல?'' என்று கேட்டேன்.

''ஆஸ்பத்திரியில சும்மாவே குடுக்கறாங்க. அதை வெச்சு எனக்கு என்னங்க சார் கிடைக்கும்?'' என்றார் கடைக்காரர்.

பொய் சொல்லவில்லை. இருநூறு வருடமாக இந்த வியாபாரத்தில் யாரும் வெளியே சொல்லாத உண்மையை அவர்தான் பளிச்சென்று சொன்னார்.